தறிச்சத்தத்தை இறக்கியவள்

கரண்ட் போகும் நேரம் தவிர வேறெந்த நேரத்திலும் தறி நிற்காத ஊர் கரட்டுப்பாளையம். காவிரிக்கு இந்தப் பக்கம் பதினோரு தெரு, தெருவுக்கு இருபது பட்டறை, பட்டறைக்கு எட்டுத் தறியோ பன்னிரண்டு தறியோ, எல்லாம் சேர்ந்து டக்கடி டக்கடி என்று இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும்; அந்தச் சத்தத்தில்தான் பிள்ளைகள் பிறந்தன, அந்தச் சத்தத்தில்தான் பெண் பார்த்துத் தாம்பூலம் மாற்றினார்கள், அந்தச் சத்தத்தில்தான் பிணத்துக்கு ஒப்பாரி வைத்தார்கள், ஒப்பாரியில் என்ன சொல்லி அழுதார்கள் என்பது அழுதவளுக்கும் செத்தவருக்கும் மட்டுமே தெரியும். வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்கள் முதல் ஆறு மாதம் தலைவலி என்று சொல்வார்கள், ஏழாவது மாதம் அவர்களும் மற்றவர்களைப் போலக் கத்திப் பேசவும் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளவும் பழகியிருப்பார்கள்.

தையல்நாயகி அப்படி பவானியிலிருந்து வாழ வந்தவள். வந்து இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. நாச்சிமுத்து பட்டறையில் தார் சுற்றுகிறாள். துணியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தறிக்கு எடுத்துக் கொடுப்பதுதான் தார் சுற்றுவது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மதியம் ஒன்றரைக்கு எழுந்து வீட்டுக்கு வந்து சோறு போட்டுவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்து பொழுதோடுதான் எழுவாள், எழும்போது முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஒரு தரம் முனகும். அவள் புருஷன் அர்த்தநாரி அதே பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் தறி மேஸ்திரியாக இருந்து, எந்தத் தறியில் எந்த மரை கழன்றிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடிய காதுகளை அந்தத் தறிகளுக்கே தின்னக் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டோடு வந்துவிட்டார். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். காது போனாலும் அவர் காதுக்குள்ளே தறி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது; கரண்ட் போய் ஊரே நின்ற நேரத்திலும் அவருக்கு அது ஓடியது.

வீட்டோடு வந்த மனுஷனுக்குப் பொழுதுபோக்கு டிவியில் படம் பார்ப்பது. பேச்சு கேட்காது, பாட்டு கேட்காது, எல்லாம் தறியாகவே கேட்கும். கரூரில் கட்டிக்கொடுத்த மகள் சுகந்தி இதைப் புருஷனிடம் சொல்ல, மருமகன் தன் வீட்டுக்குப் புதுசு வாங்கிவிட்டு, பழைய ஹோம் தியேட்டரை, பெட்டி, ஸ்பீக்கர் ஆறு, ஒயர், ரிமோட் எல்லாவற்றையும் மாமனாருக்கு அனுப்பிவைத்தார். மாட்டிக்கொடுக்க ஈரோட்டிலிருந்து சையது பாய் வந்தார், ஐம்பது வயது இருக்கும், சத்தத்துக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆறு ஸ்பீக்கரையும் மூலைக்கு மூலை வைத்தார். அப்புறம் அறை நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் எலுமிச்சம்பழம் அளவு மைக்கை வைத்தார்.

“இது என்னங்க பாய்?” என்று கத்தினாள் தையல்நாயகி.

“இந்த ரூம் எவ்வளவு பெருசுன்னு பெட்டி இதுல அளந்துக்கும்மா! அளந்துட்டா அதுக்குத் தக்கன சத்தத்தை வெச்சுக்கும்!” என்று அவரும் கத்தினார்.

பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உய்ங் உய்ங் என்று ஓசை விட்டு அளந்தது. சுற்றுப்புறச் சத்தம் அதிகம், திரும்ப அளக்கவும் என்று மூன்று தடவை திரையில் எழுதிக் காட்டியது. நாலாவது தடவை, எவ்வளவுதான் சொல்வது என்று அதுவும் சலித்துப்போய், ஒற்றைச் செங்கல் சுவரைச் சுவராகக் கணக்கில் எடுக்காமல், அதற்கு அடுத்த சுவரையும் எடுக்காமல், பதினோரு தெருவையும் சேர்த்து ஒரே அறை என்று எடுத்துக்கொண்டது. இடது ஸ்பீக்கர் ஏழு அடி தூரம், வலது ஸ்பீக்கர் ஆறடி தூரம், கனத்த சத்தம் விடும் ஆறாவது ஸ்பீக்கர் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் என்று திரையில் வந்தது. சையது பாய் தலையைச் சொறிந்தார். “என்னமோ தப்பா காட்டுது. பரவால்ல, சத்தம் வருதில்ல?” என்றவர், ஈக்வலைசர் என்ற பக்கத்தைத் திறந்து காட்டினார். அதில் தார்க்குச்சிகளை வரிசையாக நிறுத்தினாற்போல ஒன்பது கோடுகள் நின்றன. “இந்தக் கடைசியில கனத்த சத்தம், அந்தக் கடைசியில கீச்சுச் சத்தம். ஐயாவுக்கு எது கேக்கலியோ அதை ஏத்துங்க, எது இரைச்சலா இருக்குதோ அதை இறக்குங்க” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, இரைச்சலிலிருந்து தப்பித்தால் போதும் என்று பஸ் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து தையல்நாயகிக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. அவருக்குக் கண்ணாடி போட்டாலும் ரிமோட்டில் இருக்கும் எழுத்து தெரியாது. பட்டறையிலிருந்து வந்து முகம் கழுவுவதற்குள், “ஏ புள்ள, அதை ஏத்து. இல்ல, அது வேண்டாம், பக்கத்துல இருக்கறதை ஏத்து. இப்ப இறக்கு” என்று ஆரம்பிப்பார். அடுப்பில் உலை கொதிக்கும், இவள் டிவிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஏற்றுவாள், இறக்குவாள், திரும்பவும் ஏற்றுவாள். இருபத்தொன்பது வருஷமாக அவர் சொன்னதை எடுத்தும் வைத்தும் ஏற்றியும் இறக்கியும் வந்த கைதான் அது, ஆனால் இப்போது அந்தக் கை கொஞ்சம் மெதுவாகத்தான் எழுந்தது.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, பொழுது சாய்கிற நேரம், அவர் சொன்னார்: “எல்லாமே தறி மாதிரியே கேக்குது தையலு. இந்தத் தறி எங்கியோ ஒரு கோட்டுலதான் இருக்குது. எதுலன்னு பாரு.”

பார்த்தாள். முதல் கோட்டை இறக்கினாள், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதை இறக்கினாள், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது கோட்டின் அடியில் இருநூத்தம்பது என்று போட்டிருந்தது. அதை ஒரு அழுத்து அழுத்தியபோது ஆற்றோரத் தெருவின் தறிகள் ஓய்ந்தன. நாலு அழுத்து அழுத்தியபோது சந்தைத் தெருவும் பிள்ளையார் கோயில் தெருவும் ஓய்ந்தன. எட்டு அழுத்தில் எதிர்வரிசை ஓய்ந்தது. கோடு அடியில் போய் ஒட்டிக்கொண்டபோது சுவருக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து பட்டறையின் பன்னிரண்டு தறிகளும் ஓய்ந்தன. தையல்நாயகி தன் காதுதான் போய்விட்டது என்று நினைத்தாள். அப்புறம்தான் அடுப்பில் உலை கொதிப்பது கேட்டது.

தெருவில் கதவுகள் திறந்தன. கரண்ட் போய்விட்டது என்று எல்லோரும் வெளியே வந்தார்கள், வந்தவர்களின் தலைக்குமேல் தெருவிளக்கு எரிந்தது. பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஊடை நூலை ஏந்திய நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்தது, துணி விரற்கடை விரற்கடையாக இறங்கிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு ருக்குமணி, “தையலக்கா! என்னக்கா ஆச்சு!” என்று வழக்கம்போலக் கத்த, அந்தக் கத்தல் தெருமுனை வரைக்கும் போய் மோதித் திரும்பி வர, அவள் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நாந்தான் இறக்குனேன்” என்றாள் தையல்நாயகி, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு. ஏற்றிக் காட்டினாள், தறி கேட்டது. இறக்கிக் காட்டினாள், நின்றது.

கூட்டத்தில் ஒருத்தர் கொட்டாவி விட்டார். அதைப் பார்த்து இன்னொருத்தர் விட்டார். “அப்ப அப்புடியே இருக்கட்டும் அக்கா, இன்னைக்கு ஒரு நாளைக்கு” என்றார்கள். அன்றைக்கு ஊர் தூங்கியது. மறுநாளும் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். மூன்றாம் நாள் யாரும் வந்து கேட்கவில்லை. தண்ணீர் வருகிற நாள், குப்பை வண்டி வருகிற நேரம் போல அதுவும் ஊரில் ஒரு வழக்கமாகிவிட்டது.

பழகுவதற்குத்தான் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். நூல் அறுந்தால் தறியின் ஓசை மாறும், அதைக் கேட்டுத்தான் நெசவாளி ஓடி வந்து தறியை நிறுத்துவான். ஓசை இல்லாமல் போனதில் முதல் பதினைந்து நாள் ஓட்டையும் ஒழுங்கீனமுமாகத் துணி இறங்கி, வாங்கிப்போனவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் தறிச்சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, மாட்டின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோலத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். கைக்குழந்தைகள் தூங்க மறுத்தன. தாய்மார்கள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே வாயால் டக்கடி டக்கடி என்று சொல்லித் தூங்கவைத்தார்கள். ஊரே கத்திப் பேசிப் பழகியதால் ஒரு வீட்டில் புளி இல்லை என்றால் பதினோரு தெருவுக்கும் தெரிந்தது, மாமியாரும் மருமகளும் இத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் என்னவெல்லாம் சொல்லி வந்தார்கள் என்பதும் தெரிந்தது. இரண்டு வாரம் ஊர் வெட்கப்பட்டது. அப்புறம் குரலைத் தணிக்கக் கற்றுக்கொண்டது. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது பெட்டி உயிர்பெறப் பத்து எண்ணும் நேரம் ஆகும், அந்தப் பத்து எண்ணும் நேரமும் தறிகள் முழுச் சத்தத்தோடு அலறும், ஊரார் செய்கிற வேலையை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு எண்ணுவார்கள், பத்து என்றதும் கையை எடுத்துவிட்டு விட்ட வேலையைத் தொடர்வார்கள்.

அந்தக் கோட்டில் தறி மட்டும் இருக்கவில்லை. எருமையின் கத்தல் அதில் இருந்தது, கோயில் தவிலின் ஒரு பக்கம் இருந்தது, ஆற்றுத் தடுப்பணையின் இரைச்சல் இருந்தது, எல்லாம் போயின. ஆண்பிள்ளைகளின் குரல் தண்ணீர் சேர்த்த மோர் மாதிரி மெலிந்துபோயிற்று, கேட்கத்தான் செய்தது. தையல்நாயகிக்கு இன்னொன்றும் போயிருப்பது ஐந்தாம் நாள் மகள் போன் செய்தபோதுதான் தெரிந்தது.

“அம்மா, உங்கொரலு இப்புடியா இருக்கும்?” என்று கேட்டாள் சுகந்தி. “நீ கத்தாம பேசி நான் கேட்டதே இல்லியேம்மா.” இருவரும் சிரித்தார்கள். “அப்பாகிட்டக் குடு” என்றாள். அர்த்தநாரி போனை வாங்கி, வழக்கம்போல, “நல்லாருக்கியா கண்ணு, மாப்ள சௌக்கியமா, ஒடம்பப் பாத்துக்க” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பதில் தனக்குக் கேட்காது என்பதால் காத்திராமல் திருப்பிக் கொடுத்தார்.

“அப்பா எங்கம்மா? பேசச் சொல்லு.”

“பேசிட்டாரு கண்ணு” என்றாள் தையல்நாயகி. சொன்ன பிறகுதான் தானும் அதைக் கேட்கவில்லை, உதட்டைத்தான் பார்த்தோம் என்பது அவளுக்குப் புரிந்தது.

முப்பத்தெட்டு வருஷம் தறிக்கு நடுவே நின்று தறிக்கு மேலாகப் பேசிப் பேசி, அவர் குரல் தறியின் கோட்டிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அவருக்குத் தன் குரல் எலும்பு வழியாகக் கேட்டது, அதனால் தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்தது. அவர் பேசும்போது ஊரார் உதட்டைப் பார்த்து, “ஆமாங் மேஸ்திரி, சரிங் மேஸ்திரி” என்று தலையாட்டினார்கள். பார்க்க முடியாத இடத்திலிருந்து அவர் பேசினால் போய்க்கொண்டே இருந்தார்கள். இதை அவரிடம் சொல்லலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சொன்னால் கோட்டை ஏற்ற வேண்டியிருக்கும்.

தையல்நாயகியும் சொல்லவில்லை. சொல்லாததற்கு ஊர் தூங்க வேண்டும் என்பதுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அடுப்பின் பக்கம் திரும்பி நின்றால் முதுகுக்குப் பின்னால் மனுஷன் இல்லை என்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். காபி என்பார், கேட்காது. சட்டை எங்கே என்பார், கேட்காது. எட்டு நிமிஷம், பத்து நிமிஷம், அவள் திரும்பாமல் கீரை ஆய்ந்துகொண்டே இருப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கென்று யாரும் கொடுத்திராத பத்து நிமிஷம் அது. அப்புறம் திரும்பி, இப்போதுதான் பார்த்தவள்போல, “என்னங்க?” என்று உதட்டை அசைப்பாள். அந்தப் பத்து நிமிஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்மணி ஆயிற்று. நாலு மாதம் இப்படிப் போனது.

தை மாதம் ஒரு காலை, அவள் பட்டறைக்குப் போன பின், அர்த்தநாரி கொல்லைப்புறத்துக் குளியலறைக்கு முன்னால் பாசியில் வழுக்கி விழுந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. கூப்பிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி ருக்குமணி கல்லுரலுக்கருகில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள், காம்பு கிள்ளுகிற சத்தம்கூடக் கேட்கிற ஊரில், காலை எட்டரையிலிருந்து மதியம் ஒன்றரை வரைக்கும் ஒரு மனுஷன் தொண்டை வறளக் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. சோறு போட வந்தபோதுதான் தையல்நாயகி பார்த்தாள். வெயிலில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது, அப்போதும் அசைந்துகொண்டிருந்தது.

ஈரோட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டு நாலாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாலு நாளும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்த பிறகு ஒரே ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தார்.

“கூப்புட்டேன். நீ வரல.”

அவள் அழுதுகொண்டே சொல்ல ஆரம்பித்தாள். அழும்போது உதடு கோணியதால் அவருக்குப் புரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் முன்னால் உட்கார்ந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மூன்றாவது கோட்டைச் சொன்னாள், மகள் போனில் கேட்டதைச் சொன்னாள், ஊர் தலையாட்டியதைச் சொன்னாள். கடைசியில், “நானு திரும்பாம நின்னேனுங்க. வேணும்னேதான் நின்னேன். அசதியா இருந்துச்சுங்க” என்பதையும் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து ரிமோட்டை எடுத்துக் கோட்டை மேலே ஏற்றிவிட்டாள்.

ஊர் அலறியது. நாலு மாதம் அமைதியில் இருந்த காதுகளுக்கு அந்தச் சத்தம் அடி விழுந்ததுபோல இருந்தது. பட்டறைகளிலிருந்து நெசவாளிகள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள், பத்து வரைக்கும் எண்ணினார்கள், நூறு வரைக்கும் எண்ணினார்கள், சத்தம் நிற்கவில்லை. மறுநாள் பாதித் தறிக்கு ஆள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் முக்கால்வாசித் தறிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் முதலாளி நாச்சிமுத்து, மற்ற பட்டறைக்காரர்கள், தெருசனம் எல்லோரும் தையல்நாயகி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பேச்சு கேட்க வேண்டும் என்று நாச்சிமுத்து தன் பட்டறையை மட்டும் நிறுத்திவிட்டு வந்திருந்தார், இருந்தாலும் சுற்றிலும் இரைந்தது.

“அம்மணி, அதைக் கீழ எறக்கீரு. முக்காவாசித் தறிக்கு ஆளில்ல. ஒருத்தன் உள்ள வரமாட்டேங்கறான்” என்றார்.

“அவரு அஞ்சு மணி நேரம் வெயில்ல கெடந்து கூப்புட்டாருங் மொதலாளி. அது உங்களுக்கு யாருக்காச்சும் கேட்டுச்சுங்களா?”

ருக்குமணி முன்னால் வந்தாள். “எனக்குத்தான் அக்கா கேட்டிருக்கோணும். பத்தடி தள்ளி உக்காந்திருந்தேன். ஒரு கூடை மொளகா கிள்ளி முடிச்சேன்” என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கட்டிலில் படுத்திருந்த அர்த்தநாரி அப்போது ஏதோ சொன்னார். கோடு மேலே இருந்தது, அவர் குரல் அவர் தொண்டையில் இருந்தது, ஆனால் சுற்றிலும் இன்னும் ஓடிய தறிகளின் இரைச்சலில் அது வாசல் வரைக்கும் வரவில்லை. அவர் தன்னைப் பார்க்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாக் கண்ணும் தன் உதட்டில் இருப்பதைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார், அவள் வாசலுக்கு எடுத்துச் சொன்னாள்:

“எம்பேச்சு தறி சத்தத்துல முப்பத்தெட்டு வருசம் யாருக்கும் கேக்கல, சத்தமில்லாம நாலு மாசம் கேக்கல, எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்கறாரு. ஊரு தூங்கட்டும், எறக்கீருங்கறாரு.”

“மேஸ்திரியே சொல்லீட்டாரில்ல” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். தையல்நாயகி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் தூங்கி ஏழு நாள் ஆகியிருந்தது, ஆஸ்பத்திரித் தரையில் நாலு நாள், இந்த இரைச்சலில் மூன்று நாள். இறக்கிவிட்டால் இந்த நிமிஷமே தலையைச் சாய்க்கலாம் என்று அவளுக்குத் தெரியும். கட்டை விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

“எறக்கறேன்” என்றாள். “ஆனா தெனமும் பொழுதோட அஞ்சு மணிக்குத் தறிய நிறுத்தோணும். சத்தத்தை இல்லீங்க, தறிய. பதினோரு தெருவுலயும் ஒரு தறி ஓடக்கூடாது, ஆறு மணி வரைக்கும். அந்த ஒரு மணி நேரம் நான் இதை மேல ஏத்தி வெப்பேன். அவரு பேசட்டும்.”

“ஓடற தறிய நிறுத்தறதா?” என்றார் நாச்சிமுத்து. “கரண்ட் இருக்கறப்பவா? எங்கப்பா செத்தன்னைக்கே நான் நிறுத்தலியே அம்மணி.”

“தெரியுமுங்க. அன்னைக்கு நானுந்தான் தார் சுத்துனேன்.”

நாச்சிமுத்து தன் பட்டறையைத் திரும்பிப் பார்த்தார். ஓடாமல் நிற்கும் பன்னிரண்டு தறி. பிறகு மற்ற பட்டறைக்காரர்களைப் பார்த்தார். மத்தியானம் முழுக்கப் பேசினார்கள், ஒரு மணியை அரை மணியாக்கப் பார்த்தார்கள், வாரத்துக்கு ஒருநாள் என்று பார்த்தார்கள், தையல்நாயகி பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சரி என்றார்கள். அவள் கோட்டை இறக்கினாள்; அன்றிரவு ஊர் தூங்கியது, கால்வலியில் தூங்காமல் கிடந்தவருக்குப் பக்கத்தில் அவள் மட்டும் விழித்திருந்தாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு நாச்சிமுத்து தன் கையாலேயே மெயின் சுவிட்சை இறக்கினார். ஒவ்வொரு தெருவாகத் தறிகள் நின்றன. ஊரார் வந்து தெருவில் உட்கார்ந்தார்கள், கட்டிலை நாலு பேர் தூக்கி வாசலில் போட்டார்கள். தையல்நாயகி உள்ளே போய் மூன்றாவது கோட்டை மேலே ஏற்றிவிட்டு வந்து கட்டில் காலோரம் தரையில் உட்கார்ந்தாள். எங்கோ ஒரு எருமை கத்தியது. அணையில் தண்ணீர் விழுவது ரொம்பக் கிட்டத்தில் கேட்டது.

அர்த்தநாரிக்குச் சொல்ல நிறைய இருந்தது. ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். ஏழாம் நம்பர் தறியில் மரை கழன்றிருப்பதை மூன்று வருஷமாகச் சொல்லியும் யாரும் மாட்டவில்லை என்பதிலிருந்து, வெயிலில் கிடந்தபோது யார் யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்பது வரைக்கும் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலைத் தெருவே கேட்டது, கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் ருக்குமணி சொல்லித்தான் தையல்நாயகிக்குத் தெரியும்.

அவர் வாயைத் திறந்தாராம். அந்த நேரம் தையல்நாயகியின் தலை சாய்ந்து கட்டில் சட்டத்தில் இடித்து, அங்கேயே நின்றுவிட்டதாம். அவர் குனிந்து பார்த்தாராம், ரொம்ப நேரம் பார்த்தாராம். நிமிர்ந்து, யாரும் எதிர்பாராத அளவுக்குச் சின்னக் குரலில், “அவ தூங்கறா” என்றாராம். “பேச நாளைக்கும் ஒரு மணி நேரம் இருக்குது. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க.”

எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். தன் தலையணையை உருவி அவள் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவே அவர் செருகி வைத்தார். ஆறு மணி ஆயிற்று. நாச்சிமுத்து சுவிட்சுக்கு முன்னால் போய் நின்று, கையை வைத்து, ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். நெசவாளிகள் தறியடியில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. ஏன் இன்னும் ஓட்டவில்லை என்று மற்ற தெருக்களிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, போய்த் தங்கள் தெருவில் சொல்லிவிட்டார்கள், அங்கேயும் ஓட்டவில்லை.

ஏழே முக்காலுக்கு அவள் கண்ணைத் திறந்தாள். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெருவில் ஒருத்தரும் இல்லை. முந்தானையால் வாயோரம் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

“ஏனுங்க, மணி ஆறாயிருச்சுங்களா?”

“இன்னும் ஆவல” என்றார் அர்த்தநாரி. “படு.”